எர்லிக்கின் வாக்கு

நோயெதிர்ப்பு எல்லை மீறி உடலுக்கே கேடாகும் மிகையுணர்வின் நான்கு வகைகளையும் மாணவி ஒரே மூச்சில் ஒப்பித்தாள். 1963-ல் ஜெல், கூம்ஸ் இருவரும் வகுத்த பட்டியல் அது. பேராசிரியர் கேட்டுவிட்டு, "சரிம்மா, நெப்டியூன் எந்த வகையில செத்துச்சு?" என்றார்.

"யார் சார் அது?"

"நாய்."

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் ஷார்ல் ரிஷேயும் போல் போர்த்தியேயும் கடல் அனிமோன் நஞ்சை நாய்களுக்கு ஊசியில் ஏற்றினார்கள். கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் அடுத்த முறை உடல் தாங்கும் என்பது அவர்கள் கணக்கு. முதல் ஊசிக்கு நெப்டியூன் அசையவில்லை. 22 நாள் கழித்து, நல்ல ஆரோக்கியத்தில் இருந்தபோது, அதே அளவு மறுபடி போட்டார்கள். சில நொடிகளில் மூச்சுத் திணறியது. 25 நிமிடத்தில் செத்தது.

"முதல் வகை சார். அனாஃபிலாக்சிஸ்."

"முதல் ஊசியில ஏன் சாகல?"

"அப்ப ஐஜிஇ ஆன்டிபாடி இல்ல. அது உருவாகி மாஸ்ட் செல்லுல போய் ஒட்டிக்க நாளாகும்."

"அப்ப கொன்னது நஞ்சா, ஞாபகமா?"

அவள் சற்று யோசித்தாள். "ஞாபகம்தான். ஆனா தடுப்பூசியும் அதே ஞாபகத்தைத்தானே நம்பியிருக்கு?"

"அந்த முரண்பாட்டைக் காட்டினதுக்குத்தான் ரிஷேக்கு 1913-ல நோபல்."

"நோயெதிர்ப்பு வெளியில இருந்து வர்றதைத் தாக்குது, புரியுது. சொந்த உடம்பை எப்படி சார் தாக்கும்? கூடாதே!"

"பால் எர்லிக்கும் அதைத்தான் சொன்னார்."

எர்லிக் ஆடுகளுக்கு வேறு ஆடுகளின் ரத்தத்தை ஏற்றிப் பார்த்தவர். அவற்றின் உடலில் உருவான ஆன்டிபாடி பிற ஆடுகளின் சிவப்பணுக்களை உடைத்தது, தன்னுடையதைத் தொடவில்லை. தனக்கே நஞ்சாவதை உடல் எப்படியோ தவிர்க்கிறது என்று 1901-ல் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதை 'நடக்கவே நடக்காது' என்று படித்துக்கொண்டார்கள். 1904-லேயே வியன்னாவில் டோனாத்தும் லாண்ட்ஸ்டைனரும் மாற்றுச் சான்றைக் காட்டிவிட்டார்கள். குளிரில் போய்வந்தால் கறுத்த சிறுநீர் கழிக்கும் நோயாளிகளிடம், அவர்களுடைய சிவப்பணுவையே உடைக்கும் ஆன்டிபாடி இருந்தது. ஆனால் அரை நூற்றாண்டுக்கு அது ஒரு விதிவிலக்காகவே ஒதுங்கிக் கிடந்தது.

1950-களில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோயல் ரோஸ் என்ற இளைஞர், முயல்களுக்கு அவற்றின் சொந்தத் தைராய்டுச் சாற்றையே ஏற்றினார். ஆன்டிபாடி வந்தது, தைராய்டும் அழற்சியுற்றது. அவருடைய ஆசிரியர் விட்டெப்ஸ்கி அதை எளிதில் ஏற்கவில்லை. அவர் ஹான்ஸ் சாக்ஸின் சீடர். சாக்ஸ் எர்லிக்கின் சீடர். ஆக, இது மூன்று தலைமுறை நம்பிக்கை. முடிவு 1956-ல்தான் வெளியாயிற்று. அதே ஆண்டு லண்டனில் ராயிட், டோனியாக் குழுவினர் ஹாஷிமோட்டோ நோயாளிகளின் ரத்தத்தில் தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடியைக் கண்டார்கள்.

"குருவை நம்பினது தப்பா சார்?"

"அவர் சொன்ன முடிவை மட்டும் நம்பினாங்க, அவர் மாதிரி சோதிச்சுப் பார்க்கல. நீயும் அதைத்தான் செய்யற. கிரேவ்ஸ் நோய் எந்த வகை?"

"ரெண்டாவது. ஆன்டிபாடி செல்லை அழிக்கற வகை."

"அங்க ஆன்டிபாடி எந்த செல்லை அழிக்குது?"

பதில் இல்லை. கிரேவ்ஸில் ஆன்டிபாடி டிஎஸ்எச் ஏற்பியைப் பிடித்துக்கொண்டு தைராய்டை ஓயாமல் வேலை வாங்குகிறது; அழிப்பதில்லை. அதனால் சில நூல்கள் இதை ஐந்தாம் வகை என்கின்றன. பட்டியல் நமது வசதிக்கு. உடம்பு அதைப் படித்ததில்லை.

"அப்ப சொந்த உடம்பைத் தாக்கற நோய் எல்லாருக்கும் ஏன் வரல?"

"தன்னைத் தாக்கற டி செல்கள்ல பெரும்பாலானதைத் தைமஸ் அழிச்சிடுது. சிலது தப்பிச்சு வந்துடும். அதை அடக்கறதுக்குன்னே வேற டி செல்கள் இருக்கு. சகாகுச்சி 1995-ல காட்டினார். 2025-ல பிரன்கோ, ராம்ஸ்டெல்லோட சேர்ந்து நோபல் வாங்கினார்."

"தப்பிச்சது இப்பவும் என் உடம்புல இருக்கா?"

"இருக்கு. எனக்கும் இருக்கு."

"அப்ப நோய் வந்தா மருந்து கொடுத்து மொத்தமா அடக்கிடலாமே?"

"அடக்கினா காசநோய் எழுந்துடும்" என்றார் பேராசிரியர். நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி வளைத்து வைத்திருப்பதில் டிஎன்எஃப் என்ற புரதத்துக்குப் பெரும் பங்குண்டு. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிசில் மூட்டை அரிப்பதிலும் அதற்குப் பங்குண்டு. அதனால்தான் டிஎன்எஃப் தடுப்பு மருந்தைத் தொடங்குமுன் நோயாளியின் முன்கையில் காசநோய்ச் சோதனைக்கான மேன்டூ ஊசி போட்டு, 48 முதல் 72 மணி நேரத்தில் தடிப்பை அளக்கிறார்கள். அந்தத் தடிப்பும் மிகையுணர்வுதான், நான்காம் வகை.