எமனுக்கு ஓட்டுப் போட்டது யார்?

ஹூஸ்டனில் இருக்கும் என் மகள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிப் போட்ட முதல் ஓட்டில் நீதிபதிகளும் இருந்தார்களாம். "டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்துக்குப்பா, பேருக்குப் பக்கத்துல கட்சியும் போட்டிருக்கு" என்றாள். ஆறு வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் சனங்கள் முன்னால் வந்து நிற்க வேண்டும். வக்கீல் ஆபீஸில் கிராணியாகவே காலம் தள்ளிய எனக்கு உடம்பு கூசியது. ஓட்டுக் கேட்டுக் கும்பிட்ட கை நாளைக்குத் தராசை நேராகப் பிடிக்குமா?

அப்புறம்தான் ஏ. பி. ராஜா ஞாபகம் வந்தார். சிங்கப்பூரில் 1959 தேர்தலில் மொத்தம் 51 இடம். மக்கள் செயல் கட்சிக்கு 43. சுயேச்சையாக ஜெயித்தவர் ஒரே ஒருவர்: தேக்காவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஃபேரர் பார்க்கில் நின்ற ராஜா. போர்ட் டிக்சனில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். 1964இல் சபாநாயகர். சிங்கப்பூர் தனி நாடானபின் 1965 டிசம்பரில் நாடாளுமன்றம் முதன்முதலாகக் கூடியபோது அந்த நாற்காலியில் இருந்தவர் அவர்தான். பிறகு லண்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் தூதர். 1976இல் நீதிபதி. சபாநாயகர் பதவியில் அவருக்கு அடுத்து வந்த பஞ்ச் குமாரசாமியும் 1984இல் நீதிபதியாகத்தான் போனார். வாசல் வாசலாக ஓட்டுக் கேட்ட மனிதர் இங்கேயும் தீர்ப்பு எழுதியிருக்கிறார். நான் ஒருநாளும் கூசியதில்லை.

வித்தியாசம் எனக்கு இப்படிப் பட்டது: வாங்கி முடித்த ஓட்டு ஆளைக் கெடுக்காது, இனி வாங்கவேண்டிய ஓட்டுதான் கெடுக்கும். பலனில் பற்று வைக்காதே என்று கண்ணன் சொன்னது வேறு யாருக்குப் பொருந்துகிறதோ இல்லையோ, நீதிபதிக்குப் பொருந்தும்.

வீரமாகாளியம்மன் கோயிலில் என்னோடு உட்காரும் கூட்டாளி ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "அண்ணே, ராஜா 1911இல பொறந்தவரு. 1976இல என்ன வயசு?" இங்கே நீதிபதிக்கு 65 வரைதான் நிலையான பதவி, அதற்குமேல் தவணை வைத்துத் தருவார்கள். ராஜா 1990 வரை இருந்தார். "தவணை கொடுக்கிறவரும் ஒரு வாக்காளர்தானே?" ராஜா யாருக்கும் வளைந்தார் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் விதியைப் பற்றி அவர் சொன்னது சரி.

அப்படியானால் ஓட்டும் இல்லாமல் தவணையும் இல்லாமல் ஒரு நீதிபதி வேண்டும். இருக்கிறான், எமன். தர்மராஜன் என்றே பேர். யார் தயவும் அவனுக்கு வேண்டாம். மார்க்கண்டேயனுக்குப் பதினாறு முடிந்தது, சட்டப்படி பாசத்தை வீசினான். திருக்கடவூரில் சிவனிடம் உதை வாங்கினான். பாசம் லிங்கத்தின்மேல் விழுந்ததால் சிவாபராதம் என்பார் கூட்டாளி. கணக்கு சரியாக இருந்தால் போதும், எதிரே நிற்பது யார் என்று பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்தானே, உதை அதற்குத்தான் என்பது என் கட்சி. எமன் இல்லாமல் பூமி பாரம் தாங்காது என்று சிவனே மறுபடி எழுப்பிவிட்டதையும் மறக்கக்கூடாது.

எமன் கதை இங்கே தூரத்துக் கதை இல்லை. 1970க்குள் ஜூரி முறை போய்விட்டது. தூக்கு வழக்கை இரண்டு நீதிபதிகள் கேட்டார்கள். 1975இல் சட்டம் திருத்தி, 15 கிராமுக்குமேல் ஹெராயின் கடத்தியது நிரூபணமானால் மரண தண்டனை கட்டாயம் என்றார்கள். ராஜா நீதிபதியானது அதற்கு அடுத்த வருஷம். எதிரே நிற்பவனின் ஏழ்மை, அவன் தாய் எதுவும் தண்டனையை மாற்றவில்லை. 2012 திருத்தம் வந்த பிறகுதான் சில வழக்குகளிலாவது நீதிபதிக்கு வேறு தண்டனை தர வழி பிறந்தது.

அத்தனை வருஷத்து வினை யார் கணக்கில்? சட்டம் செய்தவர்கள் ஓட்டு வாங்கிப் போனவர்கள். ஓட்டுப் போடுவது இங்கே கட்டாயம், ஆகவே பெரும்பங்கு எனக்கும் என் கூட்டாளிக்கும்தான். இதில் இருவருக்கும் பேச்சே இல்லை. நீதிபதிக்குப் பங்கு பூஜ்யம் என்கிறார் அவர். நான் ஒத்துக்கொள்வதில்லை. வேறு தண்டனை எழுதத்தான் அவருக்கு வழி இருக்கவில்லை. எழுந்து வீட்டுக்குப் போக வழி இருந்தது.