பேச இயலாதவருக்காக ஒரு கையெழுத்து



சில ஆண்டுகளுக்கு முன் நம் கடைத்தெருவில் பலசரக்கு வியாபாரம் செய்துவந்த பெரியவர் ஒருவர், நுரையீரலில் சளிக்காய்ச்சல் முற்றி, ஜோகூரில் ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். தொண்டையில் குழாய், மூச்சு விடுவதோ இயந்திரம், நினைவு கிடையாது. இரண்டாம் நாள் டாக்டர் அவருடைய மகனை அழைத்து, மயக்கத்தில் வைக்கும் மருந்துகள் இரண்டில் எது நல்லது என்றறிய ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, உங்கள் அத்தாவை அதில் சேர்க்கச் சம்மதமா என்று கேட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். பையன் நமக்குப் போன் செய்தான். "மாமா, அத்தாவை வைத்து ஆராய்ச்சி செய்யலாமா என்கிறார்கள். என்ன சொல்ல?" என்றான். நாம் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "உன் அத்தா என்ன எலியா? கையெழுத்துப் போடாதே!" என்று சொல்லிவிட்டுப் பருப்பு நிறுக்கப் போய்விட்டோம்.

பதினோராம் நாள் பெரியவர் மௌத்தானார். அந்தக் காகிதத்துக்கும் அவர் முடிவுக்கும் தொடர்பில்லை. வயதும் நோயும் அவரைக் கொண்டுபோயின. ஆயினும் நாம் சொன்ன அந்தப் பதில் சரிதானா என்ற கேள்வி இன்றுவரை நம்மை விடவில்லை. தன் வாயால் ஆம் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல இயலாத மனிதரை ஆராய்ச்சியில் சேர்ப்பது தகுமா? சேர்க்காதே என்று அவருக்காகப் பிறர் சொல்வதுதான் தகுமா?

முதலில் அந்த இயந்திரத்தின் வரலாற்றைப் பார்ப்போம். 1952ஆம் ஆண்டு டென்மார்க் தேசத்தின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவிற்று. மூச்சுத் தசைகள் செயலிழந்து முதலில் இயந்திரங்களில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் மாண்டனர். அப்போது பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர், சாகுந்தறுவாயிலிருந்த 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிடச் செய்து, குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றுச் செலுத்தினார். அந்த நோய்க்கு அன்று வழக்கத்தில் இல்லாத காரியம். சொல்லப்போனால் அதுவும் ஒரு சோதனைதான். சிறுமி பிழைத்தாள். பிறகு சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பை அமுக்கிப் பலரைக் காப்பாற்றினார்கள். மறு ஆண்டு இப்சன் அந்நகரில் தொடங்கியதே, இன்று உலகெங்குமுள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு முன்னோடி.

அப்படியானால் டாக்டர்கள் நல்லதென்று நினைப்பதெல்லாம் நல்லதாகவே முடியுமா? முடியாது. 2001இல் பெல்ஜியம் நாட்டு டாக்டர்கள், இத்தகைய நோயாளிகளின் இரத்தச் சர்க்கரையை இன்சுலின் கொடுத்துச் சரியான அளவில் இறுக்கிப் பிடித்தால் சாவு குறைகிறது என்று வெளியிட்டனர். கேட்பதற்கு நியாயமாக இருந்ததால் பல நாடுகளின் ஆஸ்பத்திரிகள் அதைப் பின்பற்றின. 2009இல் 6,000 பேருக்கு மேல் சேர்த்து மீண்டும் நிறுத்துப் பார்த்தபோது கணக்குத் தலைகீழாயிற்று. சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களில் நூற்றுக்கு 27.5 பேரும், சற்றே தளர விட்டவர்களில் நூற்றுக்கு 24.9 பேரும் 90 நாளில் இறந்திருந்தனர். நூற்றுக்கு இரண்டரை என்பது சிறு தொகையல்ல என்று, வருடந்தோறும் ஜகாத்துக் கணக்குப் பார்க்கும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? நல்லெண்ணத்தோடு கொடுத்த சிகிச்சையே ஆளைக் கொன்றிருக்கிறது. அதைக் காட்டிக்கொடுத்தது ஆராய்ச்சி.

வியாபாரிகளாகிய நாம் நம் தராசை நாமே நம்பிவிடுவதில்லை. சோதித்து முத்திரை வைத்த தராசில்தான் நிறுக்கிறோம். சோதிக்காத தராசால் நிறுப்பவன் நல்லவனாகவே இருக்கலாம், ஆனாலும் வாங்குபவனுக்கு நட்டம் நட்டந்தான். சோதிக்காத மருந்தும் அப்படியே.

ஆனால் மறுபக்கமும் உண்டு. படுக்கையில் கிடப்பவர் சரக்கு மூட்டையல்லர். அதனாலேயே 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கி நகரில் ஒரு பிரகடனம் செய்தது. ஆராய்ச்சியின் லாபத்தைவிட நோயாளியின் நலனே பெரிது என்பதும், அவர் பேச இயலாவிடில் அவருக்காகப் பேச உரிமையுள்ளவரிடம் கேட்கவேண்டும் என்பதும் இன்று அதன் விதிகள். வேண்டாம் என்றாலும் சிகிச்சையில் குறைவு வரலாகாது. புரியாமல் கையெழுத்துப் போடுவது சம்மதமாகாது. நள்ளிரவில் அழுதுகொண்டு நிற்கும் பையனிடம் ஆறு பக்கக் காகிதத்தை நீட்டிவிட்டு நிற்பதும் கேட்டதாகாது. அவன் பாஷையில், அவன் விளங்கும்வரை சொல்லவேண்டியது டாக்டரின் கடன்.

நம் நாட்டு நோயாளிகளும் இதில் பங்கு கொண்டிருக்கிறார்கள். மயக்க மருந்தைப் பற்றி எட்டு நாடுகளில் 4,000 பேரைக் கொண்டு நடந்து 2019இல் வெளியான ஆய்வில் மலேசியாவும் ஒன்று. புது முறையிலும் பழைய முறையிலும் 90 நாளில் இறந்தோர் நூற்றுக்கு 29 பேர்; இரு தட்டும் சமம். இதில் என்ன பயன் என்று கேட்கக்கூடாது. புதிது என்பதற்காகவே ஒன்றை மேலானதென்று எண்ணிவிடலாகாது என்று தெரிந்ததே ஒரு பயன்.

இப்போது நம் பிழைக்கு வருவோம். காகிதத்தைக் கேட்டறிந்தபின் மறுத்திருந்தால் அதில் தவறேதுமில்லை. நாமோ காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. பெரியவர் பேசினால் என்ன சொல்வார் என்றும் கேட்கவில்லை. நம் பயத்தை அவர் பதிலாக்கிவிட்டோம். பிறர் சரக்கை ஏற்று விற்பவன் உடையவன் மனமறிந்து விற்கவேண்டும். தன் இஷ்டத்துக்கு விற்றால் அமானிதத்துக்குத் துரோகம். அந்தப் பெரியவரோ, புதிதாக வந்த அரிசி மூட்டையில் ஒரு படி எடுத்து வீட்டில் வடித்துச் சாப்பிட்டுப் பார்த்த பிறகே ஊருக்கு விற்றவர். "நம்ம வயிற்றில் பார்த்தாத்தான் அடுத்தவன் வயிற்றுக்குக் கொடுக்கலாம்" என்பார். அவரைக் கேட்டிருந்தால், "போடு கையெழுத்தை" என்றுதான் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அவரை இத்தனை காலம் அறிந்த நமக்கு அது அன்றைக்குத் தோன்றவில்லை.

ஆகவே சகோதரர்களே, கடன் பற்று வரவையும் வஸிய்யத்தையும் எழுதிவைக்கும்போது இதையும் வீட்டாரிடம் பேசிவைப்போம்: நாம் பேச இயலாமற் போனால் யார் நமக்காகப் பேசவேண்டும், என்ன சொல்லவேண்டும் என்று. பிள்ளைகள் கேட்க வெட்கப்படுவார்கள், நாமே தொடங்கவேண்டும். நாம் தொடங்கிவிட்டோம், சென்ற வாரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மூத்தவனிடம் சொன்னோம். அவன் சற்றுநேரம் தலைகுனிந்திருந்துவிட்டு, "சரி அத்தா" என்றான்.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் நல்ல ஹயாத்தையும், பிறர் அமானிதத்தை அவர் மனமறிந்து காக்கும் புத்தியையும் தந்தருள்வானாக. ஆமீன்.