சிவமூலி என்னும் பெயரும் சித்தாந்த நெறியும்



அண்மையிற் காரைக்குடியில் நிகழ்ந்த திருவருட்பயன் பாடத்தின் முடிவில், சமயதீக்கை பெற்று நாடோறும் சிவபூசை செய்துவரும் ஆச்சி ஒருவர் எம்மிடம் ஒரு வினாவை விடுத்தனர். அவர் தம் மகனாருடன் சில திங்கள் கனடாவில் இருந்தபொழுது புற்றுநோய்க்கு மருத்துவம் செய்துகொண்டவர். அம்மருத்துவத்தால் உணவு ஏலாது ஓயாமற் குமட்டலெடுத்தமையின், ஆண்டை மருத்துவர் கஞ்சாவினின்றும் எடுத்த நெய்யைத் துளியளவாகக் கொடுத்தனராம். உணவு தங்கிற்று, உறக்கமும் வந்தது. “ஐயா, அந்த மருந்தை உட்கொண்ட கையால் நான் பூசை செய்தது குற்றமா? அதுவும் கள்ளுண்டதாகுமா?” என்று அவர் கேட்டபொழுது அவையில் சிலர் நகைத்தனர். நகைத்தற்குரிய வினா அன்று அது. உலகமெங்கும் இப்பொழுது நிகழும் ஒரு பெரு வழக்கே அவ்வடிவில் எம்முன் வந்து நின்றது.

கஞ்சாவுக்குள்ள விலக்கை நீக்கவேண்டுமென்பார் இருதிறத்தினர். மருந்தாதற்கு மட்டும் இசைவு வேண்டுவார் ஒருசாரார். இன்பத்துய்ப்பிற்கும் வேண்டுவார் மற்றொருசாரார். இவ்வழக்கு புதியதன்று. 1893ஆம் ஆண்டில் ஆங்கில அரசினர் இதனை ஆராய ஒரு குழு அமைத்தனர். அக்குழு நாடு முழுதுஞ் சென்று 1,193 சான்றாளரை வினாவி, அளவாக உண்பார்க்குப் பெருங்கேடில்லை, மிகையாக உண்பார்க்குக் கேடுண்டு, ஆதலின் அடியோடு விலக்காது வரிவிதித்துக் குறைப்பதே தக்கதென 1894இல் அறிக்கை தந்தது. பின்னர் 1985இல் இயற்றப்பட்ட போதைப்பொருட் சட்டம் கஞ்சாவின் பூந்தலையையும் பிசினையும் விலக்கி, தலையொடு சேராத இலையையும் விதையையும் அவ்விலக்கினுட் படாது விடுத்தது. காசியில் உரிமம் பெற்ற கடைகளிற் பாங்கு விற்கப்படுதல் இதனாலேயாம். விசுவநாதருக்கு நாடோறும் பூசைப்பொருள் கொண்டுசெல்லும் நகரத்தார் சத்திரத்தில் தங்கி வந்த நம்மவர் பலர் அக்கடைகளைக் கண்டிருப்பர்.

கண்டுவந்தோருட் சிலரே, “இது சிவனுக்கு உகந்தது, இதன் பெயரே சிவமூலியன்றோ?” என்பர். இக்கூற்றை நாம் சிறிது நின்று ஆராய்தல் வேண்டும். பெயர் யாரிட்டது? உண்பார் இட்டது. தம் விழைவிற்கு இறைவன் பெயரை முகமூடியாக இடுதல் உலகில் என்றும் உள்ளதே. நம் திருமடங்களிலும் திருக்கோயில்களிலும் இப்பொருள் நிவேதனமாதல் யாண்டுமில்லை. திருமூலரோ முதல் தந்திரத்திற் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்துச் சிவானந்தத்தையும் மதுமயக்கையும் எதிரெதிர் நிறுத்தினார். ஆலமுண்டான் அவனாதலின் நாமும் நஞ்சுண்போம் என்பாரும் உளர். அவன் உண்டது பிறர் பிழைத்தற்கு. உண்டு மயங்கினானுமல்லன், மிடற்றில் நிறுத்தினான். தான் மயங்குதற்கு உண்பான் அவ்வரலாற்றைத் துணைக்கொள்ளுதல் எவ்வாற்றானும் பொருந்தாது.

இனி, மயக்கம் பிழையாதல் எற்றாலென்பதே தத்துவ நோக்கில் முதன்மையான வினா. உடலைக் கெடுத்தலால் என்பர் உலகியலார். அது மெய்யே; இளம்பருவத்தார்க்கு மூளை வளர்ச்சியைத் தாக்குவதும், சிலர்க்குச் சித்தப்பிரமையைத் தூண்டுவதும், உண்பாரிற் பத்தில் ஒருவரளவிற்கு விடலாகாத பற்றை விளைப்பதும் மருத்துவர் கண்டவை. ஆயினும் கேடற்ற ஒரு மயக்கப்பொருள் நாளை கண்டுபிடிக்கப்படின் அதனை உண்ணலாமோ? உடற்கேடு ஒன்றையே காரணமாகக் கொண்டார்க்கு இதற்கு விடையில்லை. சித்தாந்தத்திற்கு உண்டு.

உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. ஆணவத்தாற் கட்டுண்டு கேவலத்தே அறிவிழந்து கிடந்த அவ்வுயிர்க்கு இறைவன் மாயையினின்றும் உடலும் கரணமும் தந்து சிற்றறிவை விளக்குகின்றான். மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் கரணங்கள் விடியுமளவும் ஏற்றிவைத்த விளக்குப் போல்வன. மயக்கப்பொருள் அவ்விளக்கின் திரியைத் தாழ்த்துகின்றது. அப்பொழுது கவலை தெரியாது, காலம் தெரியாது, நான் எனதென்பதும் சிறிது தளரும். இதனையே மேனிலையென்று மயங்குவர். விளக்கணைந்தால் வருவது இருளேயன்றி விடியலன்று. கரணம் ஓய்தல் என்னும் ஒப்புமை ஒன்றுபற்றிக் கேவலத்தையும் சுத்தத்தையும் ஒன்றெனக் கொள்ளல் பெரும்பிழை. உமாபதி சிவனார் இருண்மல நிலையில் உணர்த்தியவாறு, புறவிருள் பிறபொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது. மயங்கினான் தான் மயங்கினமை அறியாதிருத்தல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஆயின் மருந்துக்கும் இக்குற்றம் வாராதோ எனின், வாராது. ஒருசார் அறிஞர் நோயைப் பிராரத்தமென்று கூறி, அதனைத் துய்த்தே கழிக்கவேண்டும், தணித்தல் கூடாதென்பர். இது கடுமையே யன்றி உண்மையன்று. பசியும் வினைப்பயனே, அதற்காகச் சோற்றை விலக்கினாரில்லை. துன்பம் வினைவழி வருமாயின் அதனைத் தணிக்கும் மருந்தும் வினைவழியே, இறைவன் கூட்டவே, வருகின்றது. மூன்றாந் தந்திரத்தில் உடம்பைப் போற்றுதற்குத் திருமூலர் கூறிய காரணம் அவ்வுடம்பினுள் உறைவானைக் கண்டமையே. ஆளுடையபிள்ளையார் கொடிமாடச் செங்குன்றூரிற் குளிர்சுரம் தீரப் பதிகம் அருளினாரேயன்றி, நோய் வினைப்பயன், கிடந்து துய்மின் என்று அடியாரைக் கைவிட்டாரல்லர்.

மருந்தாதற்குச் சான்றும் குறைவன்று. 1839இல் கல்கத்தாவில் ஓஷாக்னெசி என்னும் மருத்துவர் இசிவு நோய்க்கும் குழந்தைகளின் வலிப்பிற்கும் இதனைத் தந்து பயன் கண்டு எழுதினார். குழந்தைகளுக்கு வரும் கொடிய வலிப்பு வகை இரண்டிற்கு இம்மூலிகையின் மயக்காத கூறொன்றை 2018இல் அமெரிக்க அரசு மருந்தென ஏற்றது. நம் சித்த மருத்துவத்திலும் இது நச்சுச்சரக்குகளுள் ஒன்றாக வைத்தெண்ணப்பட்டு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் கொள்ளத்தக்கதெனச் சட்ட அட்டவணையிலும் இடம்பெற்றுள்ளது. 2020 திசம்பரில் ஐக்கிய நாடுகளின் ஆணையம் இதனை மிகக் கொடிய பொருள்களின் பட்டியலினின்றும் நீக்கியபொழுது இந்தியாவும் அதற்கு இசைந்து வாக்களித்தது.

இன்பத்துய்ப்பிற்கு இசைவு வேண்டுவார் கூறும் காரணங்களுள் ஒன்றுக்கு நாம் நாணவேண்டியுள்ளது. தமிழ்நாட்டரசு 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையைத் தானே நடத்திவருகின்றது. கஞ்சாப் பொட்டலம் வைத்திருந்த இளைஞனையோ சிறையிடுகின்றது. இம்முரணைச் சுட்டுதல் நேர்மையே. ஆயினும் ஒரு கதவு திறந்திருத்தலின் மற்றதனையும் திறக்கவேண்டுமென்பது பெறப்படாது. தாய்லாந்து 2022இல் திறந்துவிட்டு, 2025இல் மருத்துவர் சீட்டு வேண்டுமென மீண்டும் அடைக்கத் தலைப்பட்டது. மற்றொருபால், பாவமெல்லாம் குற்றமாதல் வேண்டுமென்பதும் நம் கருத்தன்று. ஒரு கிலோவிற்கு உட்பட்ட கஞ்சாவை வைத்திருந்தானுக்கு ஓராண்டு வரை கடுங்காவல் என்கின்றது சட்டம். தானே மருத்துவத்தை நாடுவாரைத் தண்டனையினின்றும் விடுவிக்கும் பிரிவும் அச்சட்டத்திலேயே உளது; அதனை அறிந்தார் சிலர். விற்பானை ஒறுத்தலும் வீழ்ந்தானை எடுத்தலும் வெவ்வேறு அறங்கள்.

ஆச்சியின் வினாவிற்கு வருவாம். நோய் தணிய, மருத்துவர் அளந்து தந்ததை, அந்நாட்டுச் சட்டம் இசைந்தவாறு உட்கொண்டமை கள்ளுண்டலாகாது என்றோம். கள்ளுண்பான் மயக்கை விரும்பி உண்கின்றான். அவர் உணவு தங்குதலை விரும்பி உண்டார். மயக்கு நேர்ந்திருப்பின் அது வேண்டாது வந்தது. பூசையோ கரணங்கொண்டு செய்வது. ஆதலின் மருந்துண்ணுமுன், தெளிவுள்ள வைகறையில், அதனை முடித்துக்கொள்ளுதல் முறை. எழுந்திருக்க இயலாத நாளில் படுத்தவாறே ஐந்தெழுத்தை எண்ணுதல் போதும் என்றும் கூறினோம். “இனி இங்கே அந்த நெய்க்கு வழியில்லையே, மறுபடியும் குமட்டல் வந்தால்?” என்றார் அவர். இங்குள்ள மருத்துவரிடம் வேறு மருந்து கேட்குமாறு சொன்னோம். சட்டப்படி கிட்டக்கூடிய நன்மருந்து அவருக்குக் கிட்டுமா என்பதற்கு எம்மிடம் விடையிருக்கவில்லை.