பேசாத கொடிகள்

விழா நாளில் துறைமுகத்தில் நிற்கும் போர்க்கப்பலின் கோலத்தை நம்மவர் பலர் படத்திலேனும் கண்டிருப்பர். முகப்பிலிருந்து கொடிமர உச்சிக்கும், உச்சியிலிருந்து பின்புறத்திற்கும் பன்னிறக் கொடிகள் தோரணமாய்த் தொங்கும். காலை 8 மணிக்கு ஏற்றிய தோரணம் கதிரவன் மறையும்போது இறக்கப்படும். அக்கொடிகள் அழகுக்கென்று தைக்கப்பட்ட வெறுந் துணிகளல்ல. கடலில் கப்பலோடு கப்பல் பேசுதற்குரிய எழுத்துக் கொடிகள் 26-உம், எண்ணைக் குறிக்கும் நீண்ட கொடிகள் 10-உமே அங்ஙனம் தோரணமாகின்றன.

ஒவ்வொன்றுக்கும் பொருளுண்டு. மஞ்சட் கொடி ஒன்றைத் தனியே ஏற்றினால், "எம் கப்பலில் நோயில்லை, கரையிறங்க இசைவு வேண்டும்" என்பது கருத்து. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் மூதாதையர்க்கு நோய்த்தடைக் காவலின் துன்பம் கதையன்று, பட்டறிவு. வெண்மையில் சிவப்புப் பெருக்கற்குறி இட்ட கொடி, "உதவி வேண்டும்" என்னும். செம்மையும் மஞ்சளும் குறுக்கே பிரிந்த கொடி, "ஆள் கடலில் வீழ்ந்தான்" என்று அலறும். விழா நாளிலோ இவை யாவும் வரிசையில் தொங்கும். உதவிக்கு ஒருவரும் விரையார். தற்செயலாய்க்கூட ஒரு சொல் அமைந்துவிடாதபடி, நிறத்தின் ஒழுங்கு நோக்கியே அவ்வரிசை வகுக்கப்பட்டுள்ளது.

பேசுதற்கென்றே படைத்த ஒன்றைப் பேசாதபடி கட்டி அழகு பார்ப்பது அறமாகுமா? இதுவே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த வினா.

அதற்கொரு நியாயம் உண்டு. முற்காலத்தில் பிற நாட்டுக் கொடிகளையும் தோரணத்தில் கட்டினர். எந்நாட்டுக் கொடி உயரத்தில், எந்நாட்டுக் கொடி தாழ்வில் என்னும் மனத்தாங்கல் எழுந்தது. எவரையும் உயர்த்தாமலும் தாழ்த்தாமலும் இருக்கும் குறிக்கொடிகள் அப்பிணக்குக்கு இடங்கொடுக்கவில்லை. பலர்க்கும் பொதுவான மகிழ்ச்சியில் ஒருவர் தம் கட்சியைப் புகுத்தாதிருத்தல் பண்பே. மணவீட்டில் பழைய வழக்கைப் பேசாதிருப்பவனைப் பொய்யன் என்போமோ?

ஆயினும், தானே விரும்பிக் காக்கும் மௌனம் வேறு. பிறர்மேல் சுமத்தும் மௌனம் வேறு. இவ்வேற்றுமையை விளக்க 1945-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று போதும். பம்பாயில் 'தல்வார்' என்னும் கடற்படைப் பயிற்சி நிலையம் இருந்தது. செய்திக்குறி அனுப்பும் தொழிலே அங்குக் கற்பிக்கப்பட்டது. டிசம்பர் 1-ஆம் நாள் கடற்படை விழா. பொழுது புலர்ந்தபோது அணிவகுப்புத் திடலில் எரிந்த கொடிகளும் தோரணத் துணிகளும் சிதறிக் கிடந்தன. கொடிமரத்தில் துடைப்பமும் வாளியும் தொங்கின. "வெள்ளையனே வெளியேறு" என்னும் பொருளுடைய முழக்கம் சுவரில் எழுதப்பட்டிருந்தது.

அம்மாலுமிகளின் குறைகள் சோறும், சம்பளமும், மேலதிகாரிகளின் இழிசொல்லுமே. கேட்பாரில்லை. 1946 பிப்ரவரி 18-இல் அவர்கள் உணவை மறுத்து வேலைநிறுத்தம் தொடங்கினர். அது 78 கப்பல்கள் வரை பரவிற்று. பிரிட்டிஷ் கொடி இறங்கிய கொடிமரங்களில் காங்கிரசுக் கொடியும், முஸ்லிம் லீக் கொடியும், செங்கொடியும் சேர்ந்து ஏறின. ஐந்து நாட்களில், 23-ஆம் நாள், தலைவர்களின் சொற்கேட்டு அவர்கள் பணிந்தனர். தோரணத்தை எரித்தது முறையா என்று வினவுவோர்க்கு நம் மறுவினா ஒன்றே: எரிப்பதற்கு முன் அவர்கள் சொன்னதைச் செவிமடுத்தவர் யார்?

இனி நம் வீட்டையும் சிறிது நோக்குவோம். செங் வட்டாரத்திலிருந்து மலாக்காக் கடற்கரை தொலைவன்று. தோரணமும் நமக்குப் புதிதன்று. குழாயில் நீர் வாராத லயத்தின் முகப்பில் பெரியவர் வருகைக்கு வளைவு கட்டுகிறோம். கடன்பட்டுக் கல்யாணப் பந்தலை உயர்த்துகிறோம். அப்பந்தலில் கைம்பெண்ணான தமக்கை ஒரு மூலையில் நிற்கிறாள். "நல்ல நாளில் இதையெல்லாம் பேசாதே" என்கிறோம். நல்ல நாள் கழிந்தபின் பேசுகிறோமா? இல்லையே! மறுநாளும் அவள் வாய் அடைபட்டே இருக்கிறது. உதவிக்கொடியை ஆண்டுதோறும் அலங்காரமாய்ப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அது உண்மையாகவே உயர்த்தப்படும் நாளில் என்ன விளங்கும்?

விழா வேண்டாமென்பது நம் கருத்தன்று. உழைத்துக் களைத்தவர்க்கு ஒருநாள் நிறமும் இசையும் வேண்டும். ஆனால் கடலோடிகளின் ஒழுங்கில் நாம் கற்கத் தக்க இரண்டு விதிகள் உள. தோரணம் பொழுது சாய்ந்ததும் இறங்கவேண்டும் என்பது ஒன்று. முழுத் தோரணம் துறையில் நிற்கும் கப்பலுக்கே உரியது. பயணத்திலுள்ள கப்பல் அதைக் கட்டுவதில்லை என்பது மற்றொன்று. ஓடும் கப்பலுக்குக் கொடிகள் பேசுதற்கு வேண்டும்.

நம் சமுதாயம் இன்னும் துறை சேரவில்லை. விழா முடிந்த மாலையிலேனும் கொடிகளை அவிழ்த்து, மூலையில் நிற்பவளை அழைத்து, அவள் குறை யாதென்று கேட்போமாக.