கடல்கடந்த படையும் அறமும்

படை காவலுக்குரியது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. வள்ளுவரும் அரசின் உறுப்புகளை எண்ணுங்கால் படையையே முதற்கண் வைத்தார். அப்படை கடல்கடந்து செல்லுமாயின் அதன் அறம் யாது என்பதே வினா. முதலாம் இராசேந்திரன் ஏறத்தாழ 1025இல் நிகழ்த்திய கடாரப் படையெடுப்பு இவ்வினாவைக் கூர்மையாக்குகின்றது.

கடாரம் சோழர்க்குப் பழம்பகை அன்று. கடார வேந்தர் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அக்கொடையைச் செப்பேட்டில் பொறிப்பித்தவன் இராசேந்திரனே. சீன வணிகத்தின் கடல்வழியைக் காக்கவே படை சென்றது என்பர் ஒரு சாரார்; கொள்ளையே நோக்கம் என்பர் மற்றொரு சாரார். மெய்க்கீர்த்தியோ காரணம் எதனையும் கூறவில்லை; யானைகளையும் வித்தியாதர தோரணத்தையும் ஊர்கள் பலவற்றையும் கைக்கொண்டமையையே விரித்துரைக்கின்றது. கவர்ந்த பெருநிதி கடார அரசன் உரிமையோடு ஈட்டியது என்று பொருள்கொள்ளுமாறு அது அடைகொடுத்திருப்பது கருதத்தக்கது. பிறன் உரிமையைக் கவர்தல் அங்குப் புகழாகின்றது. காவல் என்னும் பேச்சுக்கே இடமில்லை.

அக்காரணம் பிற்கால ஆய்வில் எழுந்ததேயாகும். தம் காலத்து வல்லரசுகள் கூறிய காரணங்களை ஆய்வாளர் சிலர் சோழனுக்கு இரவல் தந்தனரோ என ஐயுற இடமுண்டு. வணிகமே நோக்கமாயினும் அதற்குப் போர் இன்றியமையாததா? 1090இல் கடார வேந்தனின் தூதர் வேண்ட, முதலாம் குலோத்துங்கன் அதே விகாரத்தின் பள்ளிச்சந்த ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்தான்.