நீதி கூற வருவோர்க்குப் படியளத்தல்

கடமை என்பது விலைக்கு விற்கப்படும் பொருளன்று. இதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆயினும், பொதுக்கடமை ஒன்றைச் செய்வதற்காகத் தன் ஒருநாள் கூலியை இழந்து, கைப்பொருளைச் செலவிட்டுப் பேருந்தேறிச் செல்லும் ஏழைக்கு அந்த இழப்பை ஈடுசெய்வது, கடமையை விலைபேசுவதாகுமா? அன்றி, ஈடுசெய்ய மறுப்பதே அக்கடமையைச் செல்வரின் தனியுரிமையாக்கி விடுமா? இவ்வினாவை, ஜூரிகளுக்குக் காலந்தோறும் வழங்கப்பட்டு வந்த படியின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வது பயனுடையதாகும்.

ஜூரி முறை நமக்குப் புதியதன்று. ஆங்கிலேயர் ஆட்சியின் வழியே மலாயாவுக்கு வந்த அம்முறை, சிங்கப்பூரில் 1969ஆம் ஆண்டிலும் மலேசியாவில் 1995ஆம் ஆண்டிலும் கைவிடப்பட்டது. சட்டம் பயிலாத பொதுமக்கள் சிலர் மன்றத்தில் அமர்ந்து, இருதரப்புச் சாட்சிகளையும் கேட்டு, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா இல்லையா என்று கூறுவதே அதன் சாரம். நீதிபதிக்குச் சம்பளம் உண்டு. வழக்கறிஞருக்குக் கட்டணம் உண்டு. எழுத்தருக்கும் காவலருக்கும் மாத ஊதியம் உண்டு. தத்தம் தொழிலை விட்டு, அழைப்பாணைக்குக் கீழ்ப்படிந்து வந்து, முடிவின் சுமையை ஏற்பவர் ஜூரிகளே. அவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதுதான் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாகத் தீராத வினா.

பழங்காலக் கிரேக்கத்தின் ஏதென்சு நகரில் முப்பது வயது நிரம்பிய குடிமக்கள் ஆறாயிரவர் ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, அறங்கூறுவோராகப் பணியாற்றினர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் பெரிக்ளிசு அவர்களுக்கு நாட்படி வழங்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார். தொடக்கத்தில் அது இரண்டு ஓபல் என்பர். கி.மு. 425ஆம் ஆண்டையொட்டிக் கிளியோன் அதனை மூன்று ஓபலாக உயர்த்தினார். அந்நூற்றாண்டின் இறுதியில் கட்டட வேலை செய்தவரின் நாட்கூலி ஆறு ஓபல். ஆகவே படி, கூலியில் பாதியாகவே இருந்தது.

இப்படிக்கு எதிர்ப்பு உடனே எழுந்தது. மூன்று ஓபலை நம்பி விடியுமுன்னே மன்றத்துக்கு ஓடும் கிழவர்களை அரிசுடோபனீசு தம் 'குளவிகள்' நாடகத்தில் எள்ளி நகையாடினார். பெரிக்ளிசு கூலி கொடுத்து மக்களைச் சோம்பேறிகளாகவும் பேராசைக்காரர்களாகவும் ஆக்கிவிட்டார் என்று தாம் கேள்விப்படுவதாகச் சாக்கிரட்டீசு கூறுவதைப் பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் காண்கிறோம். கடமைக்குப் பணம் கொடுத்தால் கடமையுணர்வு கெடும் என்னும் வாதத்தின் வேர் இங்கேயே உள்ளது.

அரிசுடாட்டில் இவ்வினாவை மிக நுட்பமாக அணுகினார். சிலர் ஆட்சி நடக்கும் நாடுகளில், மன்றத்துக்கு வராத செல்வருக்குத் தண்டம் விதிப்பர். வரும் ஏழைக்குப் படி கொடார். மக்களாட்சி நடக்கும் நாடுகளிலோ ஏழைக்குப் படி கொடுப்பர்; வராத செல்வருக்குத் தண்டம் விதியார். இரண்டையும் இணைத்தால்தான் இருதரப்பாரும் மன்றத்தில் அமர்வர் என்பது அவர் காட்டிய வழி. நாம் சிறு செய்தியாகக் கருதும் படி, ஒரு நாட்டில் ஆள்வோர் யார் என்பதையே காட்டிக்கொடுத்து விடுகிறது என்பதை அவர் உணர்ந்திருந்தார். பிற்காலத்தில் ஏதென்சு மக்களவைக் கூட்டத்துக்கு வருவோரின் படி ஆறு ஓபலுக்கும் ஒன்பது ஓபலுக்கும் உயர்ந்தபோதும், அறங்கூறுவோரின் படி ஏறத்தாழ நூறாண்டுகள் மூன்று ஓபலிலேயே நின்றது. விலை ஏறிக்கொண்டே போகப் படி நின்றுபோவது அன்றே தொடங்கிய கதையாகும்.

அடுத்து இங்கிலாந்தை நோக்குவோம். அங்கே ஜூரிப் பணி நெடுங்காலம் மதிப்பாகவும் சுமையாகவும் கருதப்பட்டதேயன்றி, ஊதியத்துக்குரியதாகக் கருதப்படவில்லை. 1670ஆம் ஆண்டில், வில்லியம் பென் என்பாரைக் குற்றவாளி எனக் கூற மறுத்த ஜூரிகளை உணவும் நீரும் நெருப்பும் இன்றி அடைத்து வைத்தனர், தண்டமும் விதித்தனர். தண்டம் கட்ட மறுத்துச் சிறை சென்ற புசெல் என்பவரின் வழக்கில்தான், தம் மனச்சான்றின்படி முடிவு கூறிய ஜூரியைத் தண்டிக்கக்கூடாது என்னும் நெறி நிலைபெற்றது. தண்டனை நீங்கியது, இழப்பு நீங்கவில்லை. 1825ஆம் ஆண்டுச் சட்டம், வணிகரும் வங்கியரும் போன்ற உயர்நிலையினரைக் கொண்ட 'சிறப்பு ஜூரி'க்கு வழக்கொன்றுக்கு ஒரு கினி வரை கொடுக்க இசைந்தது. குற்ற வழக்கில் அமர்ந்த சாதாரண ஜூரிக்கு அத்தகைய பேறு கிட்டவில்லை. இருப்பவனுக்குக் கினி, இல்லாதவனுக்குப் பட்டினி என்பதே அந்நாளைய முறை.

1949ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஜூரிச் சட்டமே அந்நிலையை மாற்றியது. பயணச் செலவு, உணவுச் செலவு, ஊதிய இழப்பு ஆகியவற்றுக்கு ஈடு வழங்க அது வழிவகுத்தது. ஆயினும் வீட்டுடைமை சார்ந்த தகுதி விதி நீடித்ததால், ஜூரிகளில் ஆண்களும் நடுவயதினரும் நடுத்தர வகுப்பினருமே மிகுதி என்று 1956ஆம் ஆண்டில் டெவ்லின் பிரபு சுட்டிக்காட்டினார். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் அத்தகுதி நீங்கி, வாக்காளர் பட்டியலே அடிப்படையாயிற்று. கதவைத் திறப்பது ஒன்று. உள்ளே வருவதற்கான வழிச்செலவைத் தருவது மற்றொன்று. இவ்விரண்டும் கூடினாலன்றி எளியவன் மன்றத்துக்குள் காலடி வைக்க முடியாது.

இதனை மிகத் தெளிவாக எடுத்துக்காட்டுவது அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த தீல் வழக்கு. ஓடும் இரயிலிலிருந்து குதித்துக் காயமுற்ற தீல் என்பவர் இரயில் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். சான்பிரான்சிசுகோ நடுவணரசு நீதிமன்றத்தில் ஜூரிப் பட்டியல் தயாரித்தவர்கள் நாட்கூலிகளின் பெயர்களை வேண்டுமென்றே விட்டுவிட்டனர் என்பது அவர் எழுப்பிய தடை. அவ்வாறு விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். நாளொன்றுக்குப் பத்து டாலர் ஈட்டும் தொழிலாளி, நான்கு டாலர் படிக்கு எப்படி வந்து அமர்வான்? அவனை அழைத்தாலும் நீதிபதி இரங்கி விடுவித்து விடுவார். எனவே அழைக்காமலே விடுவோம் என்பது அவர்கள் கொண்ட எண்ணம். உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. மெய்யாகவே துன்புறும் ஒருவரை விடுவிப்பது வேறு. ஒரு வகுப்பு முழுவதையும் பட்டியலிலிருந்து நீக்குவது வேறு என்று அது கூறியது. தீர்ப்பில் பெரும்பான்மையோர் கருத்தை நீதிபதி மர்பி எழுதினார்.

அன்பர்களே, இங்கேதான் அறத்தின் நுண்மை உள்ளது. ஏழையின்மீது கொண்ட இரக்கமே ஏழையை வெளியே நிறுத்திவிட்டது. 'பாவம், அவனைத் தொல்லைப்படுத்த வேண்டா' என்னும் சொல்லில் கனிவு இருக்கிறது. ஆனால் அக்கனிவின் முடிவில், தீர்ப்புக் கூறும் இருக்கையில் வசதியுள்ளோர் மட்டுமே அமர்ந்திருக்கின்றனர். உரிமையைப் பறிக்க வன்மம் தேவையில்லை. போதாத படியும் சிறிது இரக்கமும் போதும்.

அமெரிக்க நடுவணரசு நீதிமன்றங்களின் நாட்படி 1968ஆம் ஆண்டில் 20 டாலர். 1978ஆம் ஆண்டில் 30. 1990ஆம் ஆண்டில் 40. அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகள் அசையாது நின்று, 2018ஆம் ஆண்டில் 50 ஆயிற்று. எண்ணிக்கையில் இது வளர்ச்சி. ஆனால் 1968ஆம் ஆண்டின் 20 டாலர், 2018ஆம் ஆண்டு விலைவாசியில் 140 டாலருக்கும் மேற்பட்ட மதிப்புடையது. ஆகவே படி உயர்ந்தது. படியின் பயன் தாழ்ந்தது. கலிபோர்னியா மாநில நீதிமன்றங்களோ, நெடுங்காலம் மன்றத்துக்குப் போகும் தூரத்துக்கு மட்டுமே பயணப்படி கணக்கிட்டன. திரும்பும் தூரத்துக்கு இல்லை. தீர்ப்புக் கூற வந்தவன் வீடு திரும்பும் வழியும் அக்கடமையின் பகுதியே என்பதை ஏற்க 2022ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அதே ஆண்டில், தீல் வழக்கு எழுந்த அதே சான்பிரான்சிசுகோ நகரில், குறைந்த வருவாயும் நடுத்தர வருவாயும் உடைய ஜூரிகளுக்கு நாளொன்றுக்கு 100 டாலர் வழங்கும் சோதனைத் திட்டம் தொடங்கியது.

இனி, சாக்கிரட்டீசின் வாயிலாக நாம் கேட்ட தடைக்கு விடை காண்போம். பணத்துக்காக வருபவன் நடுவுநிலை பிறழமாட்டானா? கூலி என்பது உழைப்பின் விலை. அது மிகுந்தால் ஆசை பிறக்கும். ஈடு என்பது இழப்பின் அளவு. அது நிறைந்தாலும் ஆசைக்கு இடமில்லை. ஏதென்சின் மூன்று ஓபல் பேராசைக்காரரை ஈர்த்தது என்பது பொருந்தாது. உழைக்க வல்லவன் அதனினும் இருமடங்கு ஈட்டினான். ஆகவேதான் மன்றத்தில் முதியோர் மிகுதியாக இருந்தனர் என்று கொள்ள இடமுண்டு. படி போதாமற் போனதே அதற்குக் காரணமாகலாம். படி கொடுத்தது காரணமன்று. மேலும், பட்டினி கிடக்கும் வீட்டை எண்ணியபடி அமர்ந்திருப்பவன், வழக்கு விரைந்து முடிந்தால் போதும் என்றே விழைவான். அவசரத்தில் ஆடும் துலாக்கோல் நேர்நிற்குமா? அவன் இழப்பை ஈடுசெய்வது அவனுக்கு மட்டும் செய்யும் உதவியன்று. கூண்டில் நிற்பவனுக்கும் செய்யும் நீதியாகும்.

எஞ்சுவது ஒரு வினா. அனைவர்க்கும் ஒரே தொகையா, அவரவர் இழப்புக்கேற்ற தொகையா? ஒரே தொகை பார்வைக்குச் சமமாக இருக்கும். ஆனால் ஒருவனுக்கு அது மிகை, மற்றவனுக்குக் குறை. விடுப்பிலும் சம்பளம் பெறும் அலுவலர் எதையும் இழப்பதில்லை. நாட்கூலியோ அனைத்தையும் இழக்கிறான். இழப்புக்கேற்ப மட்டும் கொடுத்தாலோ, ஊதியமின்றி வீட்டையும் குழந்தையையும் காக்கும் பெண்ணுக்கு இழப்பே இல்லை என்றாகிவிடும். ஆதலின் பயணமும் உணவும் குழந்தைப் பராமரிப்பும் யாவர்க்கும், கூலியிழப்பு இழந்தவர்க்கு, விலைவாசி ஏறுந்தோறும் இரண்டும் ஏறுதல் என்பதே நேரிய நெறியாக எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டில் ஜூரிகள் இல்லை. ஆயினும் இப்பாடம் நமக்கும் உரியது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் வேலைநாள் காலையில் கூடுமாயின், மாதச் சம்பளக்காரர் விடுப்பெடுத்து வருவர். தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ நாட்கூலிக்கு உழைக்கும் தாய் வரமாட்டாள். 'அவளுக்கு அக்கறையில்லை' என்று முடிவு கட்டுவது எளிது. அவள் வருவதற்கு ஆகும் செலவு என்ன, அதனைத் தாங்குபவர் யார் என்று கேட்பதே அறம். பொதுப்பணிக்கு யாவரும் வருக என்று அழைக்கும் சமுதாயம், அழைப்போடு வழிச்செலவையும் சேர்த்து நீட்டுதல் வேண்டும்.