கூட்டாளி

எங்கள் பக்கத்து முஸ்லிம்களின் பேச்சில் சிநேகிதனுக்குக் கூட்டாளி என்று பெயர். எழுத்துத் தமிழில் அதே சொல் ஒரு வியாபாரத்திலோ சொத்திலோ பங்குடையவனைக் குறிக்கும். 'அவன் என்ட கூட்டாளி' என்று மகன் சொன்னால், எதில் பங்கு என்று எந்த உம்மாவும் கேட்பதில்லை. ஆனாலும் கேட்டுப் பார்க்கத் தகுந்த கேள்விதான் அது. ஒரு பொருளின் நிமித்தம் சேர்ந்தவர்களை உண்மையான சிநேகிதர்கள் என்று கொள்ளலாமா? அந்தப் பொருள் கைவிட்டுப் போனால் அவர்களுக்கிடையே எஞ்சுவது என்ன? பொருள் ஒருவன் பெயரிலும் உழைப்பு நால்வர் கையிலும் இருந்தால் அதை விற்கும் உரிமை யாருக்கு? கடந்த சில மாதங்களாக இவை எனக்கு ஏட்டுக் கேள்விகளாக இல்லை. என்னிடம் ஒரு கார் இருக்கிறது. அதை வாங்க ஆள் வந்திருக்கிறார்.

கார் என்றதும் கேட்பவர் வேறு எதையோ நினைத்துவிடக் கூடாது. 2011இல் கந்தளாய்ப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் கோழி அடைந்துகொண்டிருந்த மொறிஸ் மைனர் ஒன்றின் வெறுங்கூட்டை வாங்கினேன். முன்கண்ணாடி நடுவில் இரண்டாகப் பிரிந்த பழைய வகை. இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்து. அதாவது 1957இல் சிங்கள 'ஸ்ரீ' வருமுன் பதியப்பட்டது. (அந்த ஒற்றை எழுத்துக்காக இந்த நாட்டில் தார் பூசியதும் அடிபட்டதும் தனிக்கதை.) அதற்குரிய எஞ்சின் 803 சீசீ, 30 குதிரைவலு. அது எங்கே போனதென்று விற்றவருக்கே தெரியவில்லை. நாங்கள் பூட்டியது டட்சன் 1200இன் எஞ்சினும் கியர்பொக்ஸும். இலங்கையில் மைனர் வைத்திருப்போர் பலர் செய்துகொள்கிற மாற்றுத்தான் இது. வலு இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். ஆசனங்கள் ஒரு பழைய வானிலிருந்து வந்தவை. எஞ்சின் இலக்கத்தைத் திணைக்களத்தில் மாற்றிப் பதிந்து, வண்டி தெருவில் இறங்க இரண்டு வருடம் பிடித்தது.

பழைய கூட்டுக்குள் வலுக்கூடிய எஞ்சினை வைத்து வீட்டு முற்றத்தில் வண்டி கட்டுவதை அமெரிக்கர் 'ஹொட் ரொட்' என்பார்கள். 1930களில் கலிபோர்னியாவின் கூலிக்கார இளைஞர்கள், வேகமான கார் வாங்கக் காசில்லாமல், பழைய போர்ட் வண்டிகளைப் பிரித்து இலேசாக்கி, மியூரொக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரித்தரைகளில் ஓடவிட்டார்கள். 1937இல் அங்கே அவர்களுக்கு ஒரு சங்கம் ஏற்பட்டது. 1948 ஜனவரியில் றொபட் பீட்டர்சன் அவர்களுக்காகவே ஒரு சஞ்சிகை தொடங்கினார். மொறிஸ் மைனர் இலண்டன் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டதும் அதே 1948இல்தான். இதை நான் சொன்னபோது எங்கள் மெக்கானிக் நானா, "அப்ப ரெண்டும் ஒரே வயசு, முடிச்சு வச்சது நாமதான்" என்றார்.

நாங்கள் என்று சொன்னேன். நான் மூதூரான். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து, பின்னர் ஈச்சிலம்பற்றுக்குப் படிப்பிக்கப் போனவன். மெக்கானிக் நானா தோப்பூர்க்காரர். பெயின்டர் அண்ணன் ஈச்சிலம்பற்றிலேயே பிறந்தவர். வெல்டிங் செய்பவர் சேருவிலயைச் சேர்ந்த சிங்களவர். அவரை எல்லோரும் 'பாஸ் உன்னே' என்றே கூப்பிடுகிறோம். நால்வரில் வாத்தியார் நான் ஒருவன்தான். எனக்கு ஸ்பெனர் எடுத்துக் கொடுக்க மட்டும் தெரியும்.

இந்த நான்கு ஊர்களையும் தெரிந்தவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. தெரியாதவருக்காகச் சொல்கிறேன். 2006 யூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டது. தண்ணீரின்றி வெடித்த வயல்களுள் பாஸ் உன்னேயின் வயலும் ஒன்று. ஓகஸ்டில் சண்டை மூதூருக்குள் வந்தது. நாங்களும் தோப்பூர்ச் சனங்களும் கந்தளாய் முகாம்களில் போய் விழுந்தோம். அதே ஆண்டு ஈச்சிலம்பற்று மக்கள் எறிகணைக்குத் தப்பி வெருகலைக் கடந்து வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் போனார்கள். 2007இல் பெயின்டர் அண்ணன் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. ஒரே ஆண்டு, ஒரே தண்ணீர். நால்வரும் நான்கு பக்கமாக ஓடியவர்கள். இவர்களை நல்லிணக்கக் கூட்டம் ஒன்றுக்கு அழைத்திருந்தால், தேநீர் குடித்து, வரவேட்டில் கையொப்பம் வைத்து, தத்தம் ஊருக்குப் போயிருப்பார்கள். ஒரு துருப்பிடித்த கூடு அவர்களை இரண்டு வருடம் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே மாமரத்தடிக்கு இழுத்து வந்தது.

அறிஞர்கள் இப்படியான சிநேகத்தைப் பெரிதாக மதிப்பதில்லை. அரிஸ்டோட்டில் நட்பை மூன்றாகப் பிரிக்கிறார்: பயன் கருதியது, இன்பம் கருதியது, ஒருவர் மற்றவரின் நற்குணத்தை விரும்பி வருவது. முதலிரண்டும் பயனும் இன்பமும் தீர்ந்ததும் கலைந்துவிடும் என்கிறார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் சகோதரத்துவம் பற்றிய பகுதியில் வேறொரு கோட்டைப் போடுகிறார். அயல்வீடு, மத்ரசா, சந்தை, அரசவாசல், பிரயாணம் இவற்றால் தற்செயலாக நேரும் சகவாசம் ஒன்று. மனிதன் தானே விரும்பித் தெரிந்தெடுப்பது இன்னொன்று. பேசத் தகுந்தது இரண்டாவதே என்பது அவர் கருத்து. பெரியார்களோடு வாதாட நான் ஆளல்ல. ஆயினும் என் அனுபவத்தில் இந்தக் கோடு அவ்வளவு தெளிவாக ஓடவில்லை. பாஸ் உன்னேயை நான் தெரிந்தெடுக்கவில்லை. தகடு ஒட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் இருந்தார். வேலை முடிந்து கூலியும் வாங்கிய பிறகு, அடுத்த ஞாயிறும் அவர் வந்தார். அந்த இரண்டாவது ஞாயிறை எந்த வகையில் சேர்ப்பது?

நல்ல கூட்டாளியைக் கஸ்தூரி விற்பவருக்கும் கெட்ட கூட்டாளியைக் கொல்லனின் துருத்திக்கும் உவமித்த நபிமொழி நம் எல்லோருக்கும் தெரியும். துருத்தியின் பொறி உடையை எரிக்கும். பாஸ் உன்னேயின் வெல்டிங் பொறி என் இரண்டு சாரன்களைப் பொத்தலாக்கியிருக்கிறது. உவமை தொழிலைப் பழிப்பதல்ல என்று வீட்டில் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

வண்டி ஓடத் தொடங்கிய காலம் நல்ல காலம். முன்பு மூதூரிலிருந்து தரைவழியாகத் திருகோணமலை போவதென்றால் துறைக்குத் துறை 'பாதை'க்குக் காத்துக் கிடக்க வேண்டும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். அதன்பின் மற்றப் பாலங்களும் முடிந்து தெரு ஒரே நீளமாயிற்று. வெருகல் ஆற்றங்கரை, இலங்கைத்துறை முகத்துவாரம், வாகரை, கன்னியா, பாசிக்குடா என்று நான்கு பேர் இருக்க வேண்டிய காரில் பிள்ளைகளோடு ஏழெட்டுப் பேர் போனோம். ஆரம்பத்தில் நானா யாரையும் ஏற்ற விடவில்லை. எஞ்சின் வலு கூடி, பிறேக் பழையதாகவே இருந்தால் அது கொலைக்கருவி என்பது அவர் கட்சி. முன்சில்லுப் பிறேக்கை மாற்றிய பிறகுதான் பயணம். மைனரின் பிறேக் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே இருக்கிறது. எண்ணெய் பார்க்க விரிப்பைத் தூக்கி மூடியைக் கழற்ற வேண்டும். இப்படி வைத்த வெள்ளைக்காரனை நானா ஒவ்வொரு தடவையும் ஏசுவார்.

கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வண்டி பிழையில்லாமல் ஓடிய பயணங்கள் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. நின்றுபோன பயணங்கள் எல்லாம் ஞாபகம். பனிச்சங்கேணிக்கு அப்பால் ரேடியேற்றர் குழாய் வெடித்த மத்தியானம் ஒரு மீன்பிடிக் குடும்பம் எங்களுக்குச் சோறு தந்தது. அந்த வீட்டுப் பெரியவர் இப்போதும் பெருநாளுக்குத் தொலைபேசி எடுக்கிறார். புதிய ஜப்பான் கார் வைத்திருக்கும் என் மைத்துனர் இதே தெருவால் நூறு தடவை போயிருப்பார். அவருக்கு அங்கே யாரையும் தெரியாது. அவருடைய காருக்கு யாரும் தேவைப்படவில்லை.

2014இல் யாழ்ப்பாணம் போனோம். பஸ் நிலையத்தருகே நின்ற பழைய ஒஸ்ரின் வாடகைக் கார்களைக் கண்டதும் நானா இறங்கிவிட்டார். 1990இல் போர் மீண்டும் மூண்டு, பெற்றோல் வடக்குக்குப் போகாமல் தடுக்கப்பட்டபோது, இந்த வகைக் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு. அதனால் மண்ணெண்ணெய் ஓரளவு எரியும். குளிர்ந்த எஞ்சினில் மட்டும் பற்றாது. ஆகவே சிறிது பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தெரு முழுக்கப் புகை. ஒரு முதிய சாரதி இதையெல்லாம் நானாவுக்குச் செய்து காட்டினார். திரும்பும்போது அவர் சொன்ன ஒன்று எனக்குள் தங்கிவிட்டது. அந்தக் காலத்தில் ஒரு போத்தல் எண்ணெய் என்பது ஒரு வீட்டுப் பிள்ளை எத்தனையோ இரவுகள் படிக்கும் விளக்கு. ஆகவே ஆஸ்பத்திரிக்கு, பிணத்துக்கு, கல்யாணத்துக்கு என்று கணக்குப் பார்த்துத்தான் கார் எடுப்பாராம். கல்யாணத்துக்கு எடுத்தீர்களா என்று பெயின்டர் அண்ணன் கேட்டார். "எடுக்காமல்? விளக்கிலை படிச்ச பிள்ளைக்குத்தானே கல்யாணம்" என்றார்.

உலாப் போவது வீண்செலவு என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. ஆனால் இந்தப் பதிலுக்கும் ஓர் எல்லை உண்டு. 2022இல் வரிசையில் நின்று, கியூஆர் அட்டையில் காருக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்தபோது, நாங்கள் ஒரு தடவையும் உலாப் போகவில்லை. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறி, முகத்துவாரத்தில் தோணிகள் கரையில் கிடந்தன. அவற்றுக்கு முன்னால் நாங்கள் கார் ஓட்டிப் போய்க் கடல் பார்ப்பது அசிங்கம் என்று நால்வருக்கும் சொல்லாமலே பட்டது. சொல்லாமலே பட்டது என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

சொல்லாமல் விட்டவை வேறும் உண்டு. 2019 ஏப்ரல் 21க்குப் பின் நானாவும் நானும் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறக் களைத்து, காரைத் தறப்பாளால் மூடி வைத்தோம். மூன்று மாதம் ஒருவரும் வரவில்லை. யாரும் யாரோடும் கோபமில்லை. எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் பாஸ் உன்னே தொலைபேசியில், "மாஸ்டர், பின்சில்லு பெயரிங் ஒண்டு கிடைச்சது. கொண்டு வாறது" என்றார். மோட்டார் சைக்கிளில் தனியாக மூதூருக்குள் வந்து, அயலவர் வேலிக்குமேல் பார்க்கப் பார்க்க, அந்தப் பெயரிங்கை மாற்றி, உம்மா கொடுத்த சோற்றைத் தின்றுவிட்டுப் போனார். நடந்த பயங்கரம் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இதைப் பெயின்டர் அண்ணன் ஏற்றுக்கொள்வதில்லை. அவரோடு எனக்குள்ள பெரிய விவாதமே இதுதான். "மாவிலாற்றைப் பற்றி நாம நாலு பேரும் ஒருக்காலாவது கதைச்சமா, சேர்? கதைக்காதது எல்லாம் அந்த டிக்கிக்குள்ள கிடக்கு. காரைப் பார்த்துக்கொண்டு இருந்தா ஆளின்ர முகத்தைப் பார்க்கத் தேவையில்லை" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேச வேண்டியதைப் பேசாமல் ஹெட் கஸ்கெட்டைப் பேசும் சிநேகம் பூரணமானதல்ல. ஆனால் முகத்தைப் பார்த்து உட்காரச் சொன்னால் நாங்கள் நால்வரும் ஒருபோதும் உட்கார்ந்திருக்க மாட்டோம். இருவருக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பொருள் கிடந்தால், இருவர் பார்வையும் அதில் இருக்கும்போது, தோள்கள் பக்கத்தில் வந்துவிடுகின்றன. அந்தப் பெயரிங் இல்லாவிட்டால் பாஸ் உன்னே என்ன சொல்லிக்கொண்டு என் வாசலுக்கு வந்திருப்பார்? மூன்று மாதமாக அவர் ஒரு சாட்டைத் தேடியிருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். பயன் கருதிய நட்பில் மனிதன் பொருளுக்காக ஆளைத் தேடுவான். இங்கே ஆளுக்காகப் பொருளைத் தேடியிருக்கிறார்.

இனி விற்பனை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடையில் பழைய வண்டிகளின் விலை ஏறிற்று. ஏறிய விலை அப்படியே நிற்கிறது. கொழும்பிலிருந்து வந்தவர் சொல்லும் தொகை என் இரண்டு வருடச் சம்பளத்துக்குக் கிட்ட வரும். மகளின் பல்கலைக்கழகச் செலவுக்குக் காசு வேண்டும். சட்டப்படி புத்தகத்தில் என் பெயர் மட்டுமே இருக்கிறது. கூடு வாங்கியதும் சாமான் வாங்கியதும் என் காசு. கூலி கேட்டவருக்குக் கூலியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் கூலி வாங்காத ஞாயிறுகள்தான் கூடுதல். அவற்றுக்குக் கணக்கு இல்லை.

சகோதரனின் முதல் உரிமை பொருளில் என்கிறார் இமாம் கஸ்ஸாலி. அதில் மூன்று படிகள் வைக்கிறார். கீழ்ப்படி, மிச்சமானதிலிருந்து அவன் கேட்குமுன் கொடுப்பது. கேட்க வைத்தாலே அது குறை. நடுப்படி, அவனைத் தனக்குச் சமமாகப் பங்காளி ஆக்குவது. மேற்படி, தன்னைவிட அவனை முந்தவிடுவது. நான் நடுப்படியில் நிற்கலாம் என்று எண்ணி மூவரிடமும் தனித்தனியே போனேன். விற்றால் இவ்வளவு உங்களுக்கு என்று ஒரு தொகை சொன்னேன்.

நானா, "உங்கட பேரில இருக்கு, வித்தா வில்லுங்க. ஆனா வாங்கிறவன் ஹோர்னை மாத்திப்போடுவான், அதுதான் கவலை" என்றார். பாஸ் உன்னே எஞ்சின் தாங்கியைத் தன் கையால் செய்தது பற்றி நெடுநேரம் கதைத்தார். காசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெயின்டர் அண்ணனுக்குத்தான் கோபம் வந்தது. விற்பதில் அல்ல. "எனக்குப் பங்கு எவ்வளவு எண்டு நீங்க கணக்குப் போட்டுக்கொண்டு வந்தியளே, அதுதான். பிள்ளைக்குப் படிக்கக் காசு வேணுமெண்டா வித்துப்போட்டு வந்து சொல்லுறதுதானே? ஆரு கேட்டது உங்களிட்ட?" என்றார். இத்தனை வருடத்தில் அவர் என்னோடு முகம் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று பிறகு தோன்றியது. இமாம் சொன்ன படிகளில் அவர் எங்கே நிற்கிறார் என்று யோசித்துப் பார்க்கிறேன். பங்கு கொடுப்பவனைப் பற்றித்தான் அங்கே படிகள் உண்டு. பங்கு என்ற பேச்சையே அவமானமாக எடுப்பவனுக்குப் படி எதுவென்று எனக்குப் பிடிபடவில்லை.

கொழும்புக்காரர் பாதிக் காசை இப்போதே அனுப்புவதாகச் சொல்லி இரண்டு தடவை பேசிவிட்டார். போன கிழமை விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. இந்தப் பிறேக்கோடு வண்டியை எந்த மனிசனிடமும் கொடுக்க விடமாட்டேன் என்று நானா சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். உள்றப்பர் கொழும்பிலிருந்து வர வேண்டும். ஞாயிறு மாமரத்தடிக்கு வரும்படி மற்ற இருவருக்கும் அவரே சொல்லியிருக்கிறாராம்.